கால் சுற்று

ஜூன் ஒன்பது காலை
திருவட்டார்ப் பக்கம் மூன்றாம் நம்பர் ஷட்டரடியில்
ரசாலம் விழுந்தார்.
கிரீஸ் புரண்ட வலது கை
திருகுகம்பியைப் பிடித்தபடி மடங்கிக் கிடந்ததாம்.
நான் பார்க்கவில்லை.
அண்டியாபீசில் தோல் உரித்துக்கொண்டிருந்தேன்.

ரப்பர் பால் கொண்டுபோன பையன், ஷைன்லால்,
பள்ளிக்கூடத்தில் என்றோ காட்டித்தந்ததை நினைத்து
நெஞ்சை அமுக்கினான்.
பொன்மனை போய்த் திரும்பிய ஆம்புலன்ஸ்
வழியிலேயே கிடைத்தது.
ஆறு நிமிஷம், என்றான் அவன்.
ஏழு இருக்கும், என்றார் டீக்கடைக்காரர்.
அந்த ஒரு நிமிஷத்துக்கு
இரண்டு பேரும் இன்றும் வழக்காடுகிறார்கள்.

ஆசாரிப்பள்ளத்தில் மறுநாள் கண் விழித்தார்.
"றோசிலி, சாப்பிட்டியா?"
மகளின் மார்க் கேட்டார்.
சபையில் சாட்சி சொல்ல
நான் வார்த்தை அடுக்க ஆரம்பித்தேன்.

மூன்றாம் நாள்
(எங்களுக்கு அது கல் புரள்கிற நாள்)
"எப்ப வந்த?" என்றார்.
சொன்னேன்.
கஞ்சிப் பாத்திரத்தை மூடித் திரும்புவதற்குள்
"எப்ப வந்த?"

சின்ன வயது டாக்டர்.
மருந்துச்சீட்டின் பின்பக்கம் ஒரு கடல்குதிரை வரைந்தாள்.
நினைவைச் சேர்த்துவைக்கும் இடம்
இந்த வடிவில் இருக்குமாம்.
குளச்சல் வலையில் சாளையோடு காய்ந்து கிடக்குமே,
அதுவா, என்று கேட்க வாய்வரை வந்தது.

மூளைக்குப் பத்தாயம் கிடையாதாம்.
அன்றாடங்காய்ச்சி.
ரத்தம் நின்றால் நொடிகளில் அடுப்பு அணைகிறது.
நிமிஷங்களில், வாசல் காக்கிற பம்புகள் கைவிட
வெளியே நிற்கவேண்டிய உப்பும் கால்சியமும்
உள்ளே ஏறுகின்றன.
"அப்பவே செத்துப்போச்சா?"
"இல்லை. பலதும் பிழைத்தது.
ரத்தம் திரும்பியது, தின்றது, வேலைகூடப் பார்த்தது.
இரண்டு மூன்று நாள் கழித்து
தன் கணக்கைத் தானே முடித்துக்கொண்டது."
"ரத்தம் வந்த பிறகா?"
"வந்த பிறகு. வந்ததாலும், கொஞ்சம்."

அதற்குமேல் சொல்ல அவள் தயங்கினாள்.
நான் கால்வாய்க்காரன் பெண்டாட்டி,
எனக்குப் புரிந்துவிட்டது.
பிப்ரவரி முடியப் பேச்சிப்பாறை அடைப்பார்கள்.
மூன்று மாதம் கரை வெடிக்கும், நண்டு பொந்து போடும்.
திறக்கிற அன்று இவர் சொல்வார்:
"காய்ஞ்ச கால்ல வெள்ளத்த ஒருமிச்சு விடப்பிடாது, கேட்டியா.
கால் சுற்று. பொறவு நில்லு. பொறவு கால் சுற்று.
வெள்ளம் இல்லாம ஒடஞ்ச கரைய நான் கண்டதில்ல.
வெள்ளம் வந்துதான் எல்லாம் ஒடஞ்சிருக்கு."

நெஞ்சுக்கு ஷட்டர் இல்லை.
ஷைன்லால் செய்ததில் பிழையும் இல்லை.
அவனிடம் இரண்டு தடவை சொன்னேன்.
மூன்றாம் தடவை அழுதுவிட்டான்.

பழையது எல்லாம் பத்திரம்:
மாத்தூர் தொட்டிப்பாலத்துத் தூண்கள்,
கடன் வாங்கி ஏமாற்றியவன் வீட்டுப்பேர்,
என் கல்யாணப் பட்டின் கரை.
ஜூன் ஒன்பதுக்கு இந்தப் பக்கம்
ஒன்றும் ஒட்டுவதில்லை.

விடிந்தால் தலையணையில் இருந்தே கேள்வி:
"எனக்கு என்ன பற்றிச்சு?"
முதலில் ஒரே மூச்சில் சொன்னேன்.
நெஞ்சு நின்றது. வேலை போனது.
தம்பி ஞானதாசு ஓணத்துக்கு முந்தி இறந்தது.
முகம் உடைந்தது.
மறுநாளும், புத்தம்புதிதாய், அதே இடத்தில் உடைந்தது.

இப்போதெல்லாம் கால் சுற்று.
"ஒரு மயக்கம் வந்து."
நிற்கிறேன். காப்பி கொடுக்கிறேன்.
"ஆசுபத்திரிக்குப் போனோம்."
நிற்கிறேன்.
தம்பிவரை வருவதற்குள் அவர் மறந்திருப்பார்.
மறக்காத நாளில்
நான் திறப்பதில்லை.

பழைய அளவுப் புத்தகத்தை மடியில் வைத்து எழுதுகிறார்:
ஜூன் ஒன்பது. நாலடி இரண்டங்குலம்.
மேல் பக்கத்திலும் அதுதான். அதற்கு மேலும்.
வெளியே மாசி வெயில்.
கால்வாய் அடைத்து ஒரு வாரம்.
"செரிதானே?" என்று நீட்டுகிறார்.
மேலதிகாரி கையெழுத்துப் போடும் கட்டத்தில்
நான் போடுகிறேன்.